பீரோவில் தைத்த அம்பு

…துளைத்துவிட்டதே, சனியன், நிஜமாகவே துளைத்துவிட்டதே, வில்வித்தைக் கழகத்தில் டீக் கோப்பையும் கையுமாக இத்தனை வருடம் அவர் அளந்ததெல்லாம் மெய்யாகிவிட்டது, கப்பி வைத்த புதுமாதிரி வில், எழுபது பவுண்டு இழுவை, "இரும்பையே ஊடுருவும் சார், தெரியுமா?" என்று அகப்பட்டவர் காதையெல்லாம் ஊடுருவியது போதாதென்று இன்று மனைவியின் பீரோ… இரண்டு மாதத்துக்கு முன் அக்கா வீட்டுக்குப் போனவள் பூட்டிச் சாவியையும் கொண்டுபோன பீரோ, இன்னும் சற்று நேரத்தில் லாரியில் ஏறப்போகிற பீரோ. கூடவே அவளும் வருவாள் என்றுதான் காலையிலேயே சவரம் செய்துகொண்டார், வந்தால் என்ன பேசுவது என்று யோசித்தார், யோசிக்க யோசிக்க அவள் பேசியதுதான் ஞாபகம் வந்தது, "அது தகரத்தைக்கூடத் துளைக்காதுங்க, உங்களை மாதிரியேதான், சத்தம் மட்டும் பெருசு"… கூடத்தின் கோடிக்குப் போய் நாணை இழுத்தார். ஐம்பத்திரண்டு வயதில் ஒரு மனிதன் பீரோவோடு சண்டைக்குப் போவானா? போனான்.

முதலில் வந்தது பெருமை, வெட்கங்கெட்ட பெருமை, யாரிடமாவது சொல்லத் திரும்பினால் காலி நாற்காலி… அதுசரி, அம்பு பாதியில் ஏன் நின்றது? ஆட்டிப் பார்த்தால் உள்ளே மெத்தென்று இருக்கிறது, மடித்து அடுக்கிய சேலைகள், இரும்பை வென்ற மாவீரர் துணியில் மாட்டிக்கொண்டார், எந்தச் சேலை? வெளிர்பச்சையா? அப்படி ஒன்று இருந்ததா? அம்பு ஒரு சாண் உள்ளே போயிருக்கிறது, இத்தனை வருடத்தில் அவர் அந்தப் பீரோவுக்குள் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. இடது உள்ளங்கையைக் கதவில் ஊன்றி, அம்பைப் பிடித்து, "பின்னால யாரும் நிக்காதீங்க" என்றார், பழக்கதோஷம், பிடுங்கும்போது அம்பின் வால் பின்னால் நிற்பவர் கண்ணைக் குத்திவிடும் என்பது கழகத்துப் பாடம்… நிற்க யார் இருக்கிறார்கள்? அம்பு அசையவில்லை, போன் அடித்தது, அவள்தான்.

"லாரி கிளம்பிடுச்சு. உங்க வில்லு அம்பெல்லாம் ஓரமா எடுத்து வைங்க."

"நீ வரலையா?"

"நான் எதுக்கு? தம்பி வரான். பூட்டுனபடியே தூக்கிட்டு வந்துடுவான்."

"சாவியோட நீயே வாயேன்… திறந்து பாக்கணும்."

"என்னத்த?"

அவர் அம்பை இன்னொரு தரம் ஆட்டினார், கதவுத் தகடு கிறீச்சிட்டது.

"ஏங்க, என்ன பண்ணித் தொலைச்சீங்க?"

இரண்டு மாதமாக அவள் தகவல்தான் சொன்னாள், கேள்வி கேட்டதில்லை. உண்மையைச் சொன்னால் திட்டுவாள், திட்டிவிட்டுத் தம்பியையே அனுப்புவாள், சொல்லாவிட்டால்… வருவாளோ?

"லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்" என்றார், அதற்குமேல் சொன்னால் கேட்பதற்கு அவளிடம் ஒன்றும் மிஞ்சாதோ என்று பயமாக இருந்தது.