மணியடித்தாலும் கெடாத குழம்பு

எட்டு மாதத்துக்குப் பிறகு இன்று சமைக்கும் முறை ஏணிக்கு வந்திருந்தது. காலையிலிருந்தே அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

அந்தத் தீயணைப்பு நிலையத்தில் பகல் ஷிப்டுக்கு ஆறு பேர். மதியச் சாப்பாட்டை ஆளுக்கொரு நாள் சமைப்பார்கள். ஒரே பானை, ஒரே மேசை. ஏணி ஏறுவதில் அவளை மிஞ்ச ஆளில்லாததால் அவளுக்குப் பெயரே ஏணி என்றாகிவிட்டது. கறி, முட்டை, பால் எல்லாவற்றையும் அவள் விட்டுவிட்டேன் என்று சொன்ன அன்றே, "உனக்கெதுக்கும்மா வீண் சிரமம்" என்று முறைப் பட்டியலிலிருந்து அவளை எடுத்துவிட்டார்கள். நல்ல எண்ணம்தான், யார் இல்லை என்றது? ஆனால் நெருப்புக்குள் தோளோடு தோள் உரச நிற்கிறவள், சாப்பாட்டுக்கு மட்டும் மேசையின் ஓரத்தில் தனியாக டப்பாவைத் திறக்க வேண்டுமென்றால் வலிக்காதா? அவளுக்கு வலித்தது, நன்றாகவே வலித்தது.

போன வாரம் ஷிப்டுத் தலைவரிடம் மல்லுக்கு நின்றாள். "ஒரே ஒரு நாள் குடுங்க சார். பிடிக்கலைன்னா இனிமே இந்தப் பேச்சையே எடுக்கமாட்டேன்."

"ஒரு நாள்தானே? சமை பார்ப்போம்" என்றார் அவர்.

"ஒரு நாள் பட்டினி கிடந்தா செத்தா போயிடுவோம்?" என்றார் ஓட்டுநர். வண்டியும் வேகம், வாயும் வேகம் அவருக்கு.

இன்று கொண்டைக்கடலை பூவாக வெந்துவிட்டது. வெங்காயத்தையும் பூண்டையும் பொன்னிறமாக வதக்கி, தக்காளியைக் கரையவிட்டு, காளானைப் போட்டு, வறுத்த வேர்க்கடலையை அரைத்து ஊற்றினாள். குழம்பு தளதளவென்று கொதித்தது. ஓட்டுநர் ஏதோ தேடுவதுபோல் மூன்று தடவை சமையலறைக்கு வந்து போனார்.

"என்ன ஏணி, வாசனை ஆளைத் தூக்குது?"

"பத்தே நிமிஷம்ணே, போய் உட்காருங்க!"

பத்து நிமிடத்தை யார் கொடுத்தார்கள்? மணி அடித்துவிட்டது. அடுப்புக்குப் பக்கத்தில் நிற்பவர் கேஸை அணைக்க வேண்டும், மற்றது போட்டது போட்டபடி கிடக்கும், அதுதான் அங்கே சட்டம். அணைத்தாள், ஓடினாள்.

மெத்தைக் கடை ஒன்றில் புகை. ஒருவருக்கும் காயமில்லை. முகமெல்லாம் கரியோடு ஒன்றரை மணி நேரம் கழித்துத் திரும்பினார்கள், கல்லைக் கொடுத்தாலும் கடித்துத் தின்கிற பசியில். அவள் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதே ஓட்டுநர் உள்ளே போய்விட்டார். அவள் வாசலை எட்டியபோது, பானையைத் தூக்கிக் குப்பைத் தொட்டிக்கு மேல் சாய்த்துக்கொண்டிருந்தார் மனிதர்!

"அண்ணே, கொட்டாதீங்க!"

குறும்பு ஒன்றுமில்லை, பழகிய கை. அரைவேக்காட்டுக் கறியை அப்படியே விட்டுப் போய், வந்து சூடாக்கித் தின்று, மொத்த ஷிப்டும் ஒருமுறை கழிப்பறையே கதியென்று கிடந்திருக்கிறது. அன்றிலிருந்து, பாதியில் மணியடித்தால் திரும்பி வந்து முதலில் நுழைகிறவர் பானையைக் கவிழ்த்துவிடுவார். அப்புறம் காய்ந்த ரொட்டிதான்.

"பாதியில விட்டது ஆச்சே, வயித்தைக் கலக்கிடும்மா!"

"அது கறிண்ணே! இது கடலை, போகும்போதே வெந்தாச்சு. கொதிக்க வச்சா போதும்!"

பானையைப் பிடுங்காத குறையாக வாங்கி அடுப்பில் வைத்தாள். ஒன்றரை மணி நேரத்தில் காளான் சாறெல்லாம் குடித்து, குழம்பு கெட்டிப்பட்டு, முன்னைவிட ருசி கூடியிருந்தது. ஐந்து ஆண்களும் ரொட்டியைப் பிய்த்துத் தோய்த்து ஒரு கை பார்த்தார்கள். அந்த மேசையில் ஒரு பானை இவ்வளவு வேகமாகக் காலியாகி அவள் பார்த்ததே கிடையாது!

"நாம கொட்டின பானைக்கெல்லாம் கணக்கு உண்டா?" என்றார் தலைவர் கடைசியில். ஓட்டுநரின் தலை பானைக்குள் இருந்தது.

மறுநாள் ஷிப்டுக்கே விடுப்பு. மத்தியானம் கைபேசி அலறியது. ஓட்டுநர்.

"ஏணி, நாளைக்கு என் முறை. அந்தக் கடலையை எவ்வளவு ஊறப்போடணும்?"

"எத்தனை பேருக்குண்ணே?"

"இது என்ன கேள்வி? ஆறு பேருக்குத்தான். நீ சாப்பிட வேண்டாமா?"

அவள் கைபேசியை அப்படியே மேசையில் வைத்துவிட்டு, அளந்து சொல்ல டம்ளரைத் தேடி ஓடினாள். அவர் "ஹலோ, ஹலோ" என்று கத்திக்கொண்டே இருந்தார்.