கரண்ட் பிடிச்ச பொடி

அம்மாவின் கழுத்துக்குக் கீழே ஆஸ்பத்திரியில் கீறிவிட்ட ஊதா மைக்கோட்டைக் காணவில்லை. கதிர் எங்கே பாய வேண்டும் என்று மெஷினுக்குக் காட்டும் கோடு அது. வைத்தியம் முடியும்வரை கழுவவே கூடாது என்று மூன்று மொழியிலும் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அம்மா சவர்க்காரம் போட்டுத் தேய்த்திருந்தார்.

"மம்மி, கோடு எங்க?"

"கழுவிட்டன். ஒரு கிழமையா அங்க போகேல்ல." குசினியில் நின்று கசாயத்தை ஆற்றிக்கொண்டே சொன்னார், சந்தைக்குப் போகவில்லை என்பதுபோல.

"அப்ப காலையில வெளிக்கிட்டுப் போறது?"

"கோயிலுக்கு."

மார்பில் இருந்த கட்டியை வெட்டி எடுத்தாயிற்று. மிச்சம் மீதி இருந்தால் அதை அழிக்கத்தான் கதிர். அந்த மிச்சம் ஒரு கிழமையில் என்ன செய்யும் என்று நான் பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் தினமும் பார்க்கிறவன். புற்றுநோய்க் கலங்கள் பௌர்ணமிப் போயா நாளுக்கும் லீவு எடுப்பதில்லை.

"இதுவும் கரண்ட் பிடிச்சதுதானே," என்று அம்மா கசாயப் பொடிப் பைக்கற்றைக் காட்டினார்.

கொட்டாஞ்சேனையில் மஜீட் நானாவின் மூலிகைக் கடையில் வாங்கிய பொடி. பூஞ்சணம் பிடிக்காமலிருக்கக் கதிரூட்டியது என்று அச்சடித்திருந்தது. எங்கள் பக்கம் கதிர் வைத்தியத்துக்குப் பெயர் கரண்ட் பிடிக்கிறது. பொடிக்கும் கரண்ட், அம்மாவுக்கும் கரண்ட். இரண்டையும் கூட்டி அம்மா புது வைத்தியம் ஒன்றைக் கண்டுபிடித்திருந்தார்: கரண்டைக் கோப்பையில் ஊற்றிக் குடிப்பது.

"மம்மி, கரண்ட் அதுக்குள்ள நிக்காது. பூஞ்சணத்தை அழிச்சுப்போட்டு அப்பவே போயிரும். இது வெறும் பொடி."

"கதிரூட்டினாலும் மூலிகையின்ர கான்சருக்கு எதிரான குணம் போகாதெண்டு நீதானே ஆராய்ச்சி செய்து சொன்னாய்?"

"அது கண்ணாடிக் கிண்ணத்தில. நீங்க கிண்ணமா?"

"அப்ப கரண்ட் பிடிச்சும் மூலிகைக்கு ஒண்டும் ஆகேல்ல?"

"ஆகேல்ல. உங்களுக்கும் ஒண்டும் ஆகாது."

"அது காய்ஞ்சு செத்த சாமான், கிளின்ரன். நான் உயிரோட இருக்கிறன்."

அம்மா கோப்பையைக் கீழே வைத்தார்.

"என்னைப் படுக்க வைச்சிட்டு எல்லாரும் வெளியில ஓடிக் கதவைப் பூட்டுறாங்க. நல்ல சாமான் எண்டா ஏன்டா ஓடுறாங்க?"

"நாளைக்கு நானும் வாறன்," என்றேன்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் டொக்டர் ஏசினார். மறுபடி அளந்து, மறுபடி கோடு கீறினார்கள். மெஷின் கட்டிலில் படுத்ததும் அம்மா என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீயும் ஓடப்போறியா?"

"ஓம். ஓடாட்டி துரத்துவாங்க. வெளியில மைக் இருக்கு, கதைச்சுக்கொண்டே இருப்பன்."

கதவு பூட்டியது. மெஷினை இயக்கும் துஷ்யந்தி மிஸ் மைக்கை என் பக்கம் திருப்பினார். "சிரிக்க மட்டும் வைக்காதீங்க தம்பி. அசைஞ்சா குறி பிழைச்சுப்போகும்."

சிரிப்பு வராத விஷயம் எனக்கு ஒன்றுதான் தெரியும். என் ஆய்வுச் சுருக்கம்.

"கதிரூட்டிய மாதிரிகளுக்கும் கதிரூட்டாத மாதிரிகளுக்கும் இடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை," என்று தொடங்கினேன்.

மெஷின் முனகியது. துஷ்யந்தி மிஸ்ஸின் முன்னால் இருந்த கமராத் திரையில் அம்மா அசையவில்லை. அசையக் கூடாதுதான். ஆனாலும் அதே வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு, மூச்சு ஏறி இறங்குகிறதா என்று திரையில் மூக்கு முட்டப் பார்த்தேன்.

"மறைக்காதீங்க தம்பி," என்றார் துஷ்யந்தி மிஸ். "நானும் பாக்கோணும்."