நாற்பது டிஸ்குகளிடம் ஒரு கேள்வி

மாமனாரைக் காணோம் என்று பக்கத்து வீட்டுக்காரி போன் செய்தபோது, மருமகன் பஸ் நிலையத்தின் கேமரா அறையில் வேலையில் இருந்தான். மகள் இறந்த பிறகு கிழவர் அவனோடுதான் இருக்கிறார். விலாசம் நினைவில் நிற்காது. போன தடவையும் இங்கேதான் வந்து நின்றார். வெளியூர் பஸ் எதிலாவது ஏறிவிட்டால் அவ்வளவுதான்.

கேமரா முந்நூறு. அன்று பதிவானதை எல்லாம் கம்ப்யூட்டருக்கு இழுத்துத் தேட ஒரு நாள் பிடிக்கும்.

பதிவுகள் சேரும் பெட்டிகளைக் கவனிப்பவளுக்கு டிஸ்க் அக்கா என்றே பெயர். மேலதிகாரிகளோடு மல்லுக்கட்டி, போன மாதம்தான் நாற்பது புது ஃபிளாஷ் டிஸ்குகளை வாங்க வைத்திருந்தாள். ஒவ்வொன்றுக்குள்ளும், தன்னிடம் உள்ள பதிவைத் தானே அலசும் ஒரு குட்டி பிராசசர்.

"எல்லாத்தையும் எதுக்குடா இழுக்கிற? கேள்வியை டிஸ்குக்குள்ள அனுப்புவோம். நாற்பதும் இருந்த இடத்துலயே தேடும். பதில் மட்டும் வந்தா போதும். என்ன சட்டை?"

"சாம்பல் சட்டைக்கா. காலையில நான்தான் போட்டுவிட்டேன்."

ஆறே நிமிடத்தில் பதினோரு படம் வந்தது. எதிலும் மாமா இல்லை.

"கேட்டதைத்தான் அது தரும். நம்ம கேள்வியில கோளாறு. கொட்டுற மழையில வெறும் சட்டையோடயா வருவாரு?"

வீட்டில் இருந்த ஒரே குடை அவன் பையில் இருந்தது. கதவருகே ஆணியில் ஒரு மழைக்கோட்டு உண்டு. எட்டு மாதமாக யாரும் தொடாதது.

"மஞ்சள்," என்றான். "மஞ்சள் மழைக்கோட்டு. அவளோடது."

அக்கா திரைப் பக்கம் திரும்பினாள். விசைகளைத் தட்டினாள்.

நான்கு நிமிடம். ஒரே படம். ஒன்பதாம் நடைமேடை, வெளியூர் பஸ் வரிசை, சற்று முன்பு.

"வாயைப் பார்த்துட்டு நிக்காத, ஓடு! பஸ்ஸை நிறுத்தச் சொல்றேன்."

பஸ் நின்றிருந்தது. படியில் கண்டக்டர் தலையைச் சொறிந்துகொண்டிருந்தார். "டிக்கெட் கேட்டா, மருமகன் வந்து எடுப்பான்ங்கிறாரு சார்."

ஜன்னலோரம் மஞ்சள் கோட்டில் திணறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார் மாமா. "எங்க மாப்ளே தொலைஞ்சு போயிட்ட? எவ்வளவு நேரம் தேடுறது?"

அவரை இறக்கிப் பெஞ்சில் உட்காரவைத்தான். அவர் கையை விடாமலே அக்காவை போனில் அழைத்தான். எத்தனை நன்றி சொன்னாலும் போதாது என்று தோன்றியது. வாயைத் திறந்ததும் அழுகைதான் வந்தது.

"கிடைச்சுட்டாரா?"

"ம்."

"அழுது முடி. அவசரமில்ல. நான் லைன்லயே இருக்கேன்."