முதலாளியம்மாவின் காளான் கொட்டகை

"அதிகாரி வந்துட்டுப் போற வரைக்கும் நீ அடுப்படிய விட்டு வெளிய தலை காட்டக் கூடாது. நல்ல காரியம் நடக்கப்போற நேரம்," என்றாள் மாமியார்.

சின்ன மருமகள் கொட்டகைச் சாவியை இடுப்பிலிருந்து எடுத்து, புதுச் சேலையில் நின்ற பெரிய மருமகளிடம் நீட்டினாள்.

புருஷன் போன பிறகு, பின்கட்டிலிருந்த மாட்டுக் கொட்டகையைக் கழுவிவிட்டுக் காளான் போட்டவள் சின்னவள்தான். வைக்கோலை வேகவைத்து, ஈரம் வடித்து, விதையோடு பைகளில் அடுக்கிக் கயிற்றில் தொங்கவிட்டாள். அதன் பிறகு அந்த வீட்டில் உலை கொதித்ததே அந்தக் கொட்டகையால்தான். போன கோடையில் வெக்கை தாங்காமல் மொட்டெல்லாம் கருகியபோது, குளிரூட்டும் அறை கட்டப் பெண்களுக்கு அரசாங்கம் மானியம் தருகிறது என்று விசாரித்து வந்தவளும் அவளே.

விண்ணப்பம் போனது மட்டும் பெரிய மருமகள் பேரில். "புருஷனை முழுங்கினவ பேர்ல புதுசா ஒண்ணு தொடங்கினா விளங்குமா?" என்று கேட்டாள் மாமியார். இத்தனை நாள் அவள் கையால் விளைந்ததைத் தின்றபோது யாருக்கும் ராசி ஞாபகம் வரவில்லை. நல்ல நியாயம்!

"பேரு யாரோடதா வேணா இருக்கட்டும் அத்தை. கொட்டகை என் கைய விட்டுப் போகாம இருந்தா போதும்," என்று அவள் ஒத்துக்கொண்டாள்.

அதிகாரி வந்தார். பெரிய மருமகள் பூட்டைத் திறந்தாள். கதவு அசையவில்லை. அவள் கணவன், வீட்டுக்கு மூத்தவன், தோள் கொடுத்து இடித்தும் பார்த்தான். இறந்துபோன தம்பி தன் கையால் செய்து மாட்டிய கதவு அது. ஒரு பக்கம் தொய்ந்திருந்ததால், முழங்காலால் தூக்கிக் கொடுத்துக்கொண்டேதான் தாழ்ப்பாளை இழுக்க வேண்டும். வேறு வழியில்லாமல் மாமியாரே சின்னவளைக் கூப்பிட்டாள். அவள் வந்து ஒரே தூக்கில் திறந்தாள்.

"இவங்க யாரு?" என்றார் அதிகாரி.

மூத்தவன் வாய் கூசாமல் சொன்னான்: "தம்பி சம்சாரம் சார். தம்பி தவறிட்டான். பாவம்னு நாங்கதான் வேலை போட்டுக் கொடுத்திருக்கோம்."

அதிகாரியின் முகம் மலர்ந்தது. "ஆதரவில்லாத பொண்ணுக்கு வேலை கொடுத்தா மானியம் இன்னும் கூடுமே. முதல்லயே சொல்லியிருக்கலாமே," என்றவர், கனிவோடு அவள் பக்கம் திரும்பினார். "சம்பளமெல்லாம் ஒழுங்கா தர்றாங்களாம்மா?"

அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

"எனக்கு யாரும் எதுவும் தந்ததில்ல சார். நான்தான் இவங்க எல்லாருக்கும் சோறு போடுறேன். இது என் கொட்டகை."

மூத்தவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "புருஷன் போனதுலேருந்து இப்படித்தான் சார். எதையாவது சொல்லிக்கிட்டே இருக்கும்."

"ஐயோ பாவம்," என்றார் அதிகாரி. கெட்ட மனிதர் இல்லை, அவருக்குக் கண்கூடக் கலங்கியது. "இப்படிப்பட்டவங்கள வச்சுப் பாத்துக்கிறதுக்குப் பெரிய மனசு வேணும்மா," என்று பெரிய மருமகளிடம் சொல்லிவிட்டுப் போனார். பெரியவள் தலை குனிந்து நின்றாள்.

வண்டி தெருமுனை திரும்பியதும், மூத்தவன் கதவைச் சாத்திப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். "இனிமே இது முதலாளிகிட்ட இருக்கட்டும்."

சாயங்காலம் பைகளைச் சுற்றித் தொங்கும் சாக்குகளுக்குத் தண்ணீர் தெளிக்க வேண்டும். கதவு மறுபடியும் மக்கர் பண்ணியது.

"அடியே, வந்து திறந்து விடு. சாக்கெல்லாம் காயுது," என்று மாமியார் கத்தினாள்.

அடுப்படியிலிருந்து சின்னவள் நிதானமாகச் சொன்னாள்: "வேலை நேரம் முடிஞ்சுபோச்சு அத்தை. காலையில வர்றேன்."

தண்ணீர் படாவிட்டால் மொட்டெல்லாம் வதங்கிவிடும் என்பது அவளுக்குத் தெரியும். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, பெற்ற பிள்ளையைப் பட்டினி போட்டவள் மாதிரி அழுதாள். பின்கட்டில் அவர்கள் கடப்பாரையால் அவள் புருஷன் செய்த கதவை உடைத்துக்கொண்டிருந்தார்கள்.