படலத்தின் அடிப்பக்கம்

என் நாத்தனார் அளந்து சொல்லிவிட்டால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது. எங்கள் ஆய்வுக்கூடத்தில் சோலார் செல்லை விளக்கின் கீழ் வைத்து, விழுகிற வெளிச்சத்தில் எவ்வளவு மின்சாரமாகிறது என்று அளப்பது அவர் வேலை. பதினோரு வருடமாக நிரந்தர ஊழியர். நான் ஒப்பந்தக்காரி. தம்பி பெண்டாட்டி என்று எனக்கு வேலை வாங்கிக் கொடுத்ததே அவர்தான் என்று கேண்டீனில் பேச்சு. சுத்தப் பொய். என் நேர்முகத் தேர்வு நடந்த அன்று மனுஷி லீவு போட்டுவிட்டார், பேர் கெட்டுவிடுமாம்!

என் வேலை, செல்லின் மேல் போர்த்துகிற மெல்லிய படலம் செய்வது. வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியும் உண்டு. செல்லுக்கு அது சரியாகச் செரிக்காது. என் படலம் அதை விழுங்கிச் சிவப்பு ஒளியாகக் கக்க வேண்டும். சிவப்பு என்றால் செல் ஆசையாக எடுத்துக்கொள்ளும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. முதல் இரண்டு வருடம் என் படலங்கள் விழுங்கினவே தவிர, கக்கவில்லை.

இயக்குநர் கறாராகச் சொல்லிவிட்டார். படலம் இல்லாமல் நூறு பங்கு வெளிச்சத்தில் இருபது பங்கு மின்சாரமாகிறது. படலம் போட்டால் குறைந்தது இருபத்தொன்று வர வேண்டும். வந்தால் ஒப்பந்தம் நீளும், இல்லையென்றால் மாதக் கடைசியோடு மூட்டை கட்ட வேண்டியதுதான். என் கணவருக்கு ஆறு மாதமாக வேலை இல்லை. வீடு என் சம்பளத்தில்தான் ஓடியது.

செவ்வாய்க்கிழமை நாத்தனார் என் அறை வாசலில் வந்து நின்று, "இருபத்தொண்ணரை" என்றார். சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் நாற்காலியிலேயே உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தேன். இயக்குநருக்கு அன்றே தகவல் போயிற்று.

மறுநாள் காலை படலத்தைத் துடைத்து வைக்க எடுத்தேன். அடிப்பக்கத்தில் சதுரமாகக் கறுப்பு மை ஒட்டியிருந்தது. அளக்கும்போது செல்லைச் சுற்றி வெளிச்சம் விழாமல் தடுக்க, நடுவில் ஓட்டை போட்ட கறுப்புத் தகடு ஒன்றைப் படலத்துக்கு மேல் வைப்பார்கள். புதிதாகப் பெயிண்ட் அடித்த தகடு. அதன் மை மேல்பக்கத்தில் அல்லவா ஒட்டியிருக்க வேண்டும்?

மூலையை வெட்டி மேல்பக்கத்துக்கு அடையாளம் வைப்பது என் பழக்கம். மூன்று தடவை புரட்டிப் பார்த்தேன். அடிப்பக்கம்தான். தகடு படலத்துக்குக் கீழே இருந்திருக்கிறது, அப்படியென்றால் அந்த இருபத்தொண்ணரை செல்லாது.

மையைத் துடைத்துவிட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. பொய் சொல்ல மாட்டேன், பஞ்சைக் கையில் எடுத்துவிட்டேன். மத்தியானம் வரை அது கையிலேயே இருந்தது. சாப்பிடவும் போகவில்லை. பிறகு பஞ்சைக் குப்பையில் போட்டுவிட்டுப் படலத்தோடு அளவை அறைக்குப் போனேன்.

"அண்ணி, தகட்ட எங்க வெச்சீங்க?"

"செல்லு மேலதான். வேற எங்க வெப்பாங்க?"

"படலத்துக்கு மேலயா, கீழயா?"

அவர் படலத்தை வாங்கிப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

நடந்தது இதுதான். முதலில் வெறும் செல்லைத் தகடோடு அளந்திருக்கிறார். பிறகு தகட்டை எடுக்காமல் அதன் மேலேயே படலத்தை வைத்துவிட்டார். சாதாரணக் கண்ணாடியாக இருந்தால் குடி முழுகிப் போகாது. என் படலம் ஒளிருகிற ஜாதி. ஓட்டைக்கு வெளியே விழுந்த வெளிச்சத்தையும் சிவப்பாக்கி, பக்கவாட்டில் கடத்தி, ஓட்டை வழியாகச் செல்லுக்குள் தள்ளியிருக்கிறது. ஊரார் வெளிச்சத்தையெல்லாம் என் கணக்கில் சேர்த்துவிட்டது.

அவர் எல்லாவற்றையும் கழற்றி, தகட்டை மேலே வைத்து அளந்தார். இருபது புள்ளி மூன்று. மறுபடி கழற்றி மாட்டி அளந்தார். அதே. மூன்றாவது தடவையும் அதே.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எல்லாருக்கும் இப்படித்தானே மூணு தடவ கழட்டி மாட்டி அளப்பீங்க? நேத்து மட்டும் என்ன ஆச்சு? என்னோடதுன்னா இளக்காரமா?"

"நேத்து ஒரு தடவதான் அளந்தேன்."

"அதான் ஏன்னு கேக்கறேன்!"

"நல்லா வந்துச்சு." அவர் என்னைப் பார்க்காமல் தகட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். "மறுபடி அளந்தா கொறைஞ்சிடுமோன்னு பயமா இருந்துச்சு. உனக்கு வரணும்னு இருந்துச்சு. அதான் விட்டுட்டேன்."

இந்த மனுஷிக்கு என்னைக் கண்டாலே ஆகாது என்று மூன்று வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். கணவரிடம் சொல்லிச் சண்டைகூடப் போட்டிருக்கிறேன். திட்ட வந்த எனக்கு அழுகைதான் வந்தது.

அவர் இயக்குநருக்குப் போன் போட்டார். "சார், நேத்து சொன்ன எண் தப்பு. தப்பு என்னோடது. தகட்ட மாத்தி வெச்சிட்டேன்." மறுமுனையில் இயக்குநர், "சரி, இப்ப எவ்வளவு?" என்று கேட்டது எனக்கே தெளிவாகக் காதில் விழுந்தது.

நாத்தனார் வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார். எந்த எண்ணையும் சொல்லத் தயங்காதவருக்கு இது மட்டும் வரவில்லை.

நான் போனை அவர் கையிலிருந்து வாங்கினேன்.

"இருபது புள்ளி மூணு சார்" என்றேன்.