இடது காது

ஒரு காது மட்டும் உடைந்த மனிதனை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா, வலது காது எண்ணெயில் உப்பிய உளுந்து வடைபோலத் தடித்துக் கிடக்கும், இடது காது பிறந்த அன்று இருந்ததுபோல மெல்லிசாக, வெயில் பட்டால் உள்ளே சிவப்புத் தெரியும், அப்படி ஒருவன் இந்தக் கதவுக் கண்ணாடியில் நிற்கிறான், நான்தான், கதவுக்கு அந்தப் பக்கம் மதாம் சூலியே என்பவள் இருக்கிறாள், இந்தப் பிரெஞ்சு ஊரின் ரக்பி அணிக்கு ஆள் எடுப்பவள், நான் ஆடிய சின்ன அணி கோடையோடு கலைந்துவிட்டது, புது ஒப்பந்தம் இல்லையென்றால் இங்கே தங்கும் அட்டையும் இல்லை, கண்டியில் என் மனைவி நிரோஷா இங்கே வரப் பெட்டி அடுக்கவா வேண்டாமா என்று தினமும் கேட்கிறாள், அணி கலைந்த அன்றே என் ஏஜென்ட் போனை எடுப்பதை நிறுத்திவிட்டான், அதனால் என் பக்கம் பேச வந்திருப்பவர் துலூசில் மளிகைக்கடை வைத்திருக்கும் குணபாலன் அண்ணன், யாழ்ப்பாணத்துக்காரர், ரக்பிப் பந்து உருண்டையா நீளமா என்று காரில் வரும்போதுதான் கேட்டுத் தெரிந்துகொண்டார், ஆனால் பிரெஞ்சு தண்ணீர்பட்ட பாடு.

உள்ளே போய் உட்கார்ந்ததும் மதாம் ஏதோ சொல்கிறாள், அண்ணன் என் பக்கம் சாய்கிறார், தம்பி, ஒண்டாம் நம்பர் அவையிட்ட நிறையப் பேராம், மூண்டாம் நம்பர்தான் வேணுமாம் என்கிறார், ஸ்க்ரம் என்று எட்டுப் பேரும் எட்டுப் பேரும் தலை கொடுத்துத் தள்ளுவோமே, அதில் முன்வரிசையின் இடது ஓரம் ஒன்றாம் எண், என் இடம், அவனுக்கு ஒரு பக்கக் காது காற்றில் இருக்கும், வலது ஓரத்து மூன்றாம் எண்ணுக்குத் தலை இரண்டு எதிரிகளுக்கு நடுவில், செக்கில் போட்ட தேங்காய், அண்ணே நான் மூணுல நின்னதே இல்ல என்கிறேன், சும்மா இரு தம்பி, கேட்ட சாமானை இல்லையெண்டு சொல்லப்படாது, கடையில் அவர் அப்படித்தான், பெருங்காயம் தீர்ந்து மாதமானாலும் உள்ள இருக்கு, நாளைக்கு வாங்கோ என்பார், இப்போதும் கையை விரித்து, இவன் இடமும் நிப்பான் வலமும் நிப்பான் மதாம், நடுவில விட்டாலும் நிப்பான் என்று அவர் பிரெஞ்சில் அளப்பது எனக்கே விளங்கியது.

மதாம் எழுந்து வந்தாள், சந்தையில் மீன் செவுளைத் தூக்கிப் பார்க்கிறவள்போல என் தாடையைப் பிடித்து இந்தப் பக்கம் திருப்பினாள், அந்தப் பக்கம் திருப்பினாள், சிரித்தாள், தம்பி, கண்டுபிடிச்சிட்டா, அவவின்ர அப்பாவும் மூண்டாம் நம்பராம், ரெண்டு காதும் நசிஞ்சு மூக்குக்கண்ணாடியே நிக்காதாம், மூண்டில நிண்டவனுக்கு நல்ல காது மிஞ்சாதாம், உன்னை ஒத்தைக் காதுக்காரன் எண்டுறா. அவள் விரல் என் இடது காதில் இருக்கிறது, இல்லை, அது கல்யாணத்தன்று போட்டோக்காரரின் விரல், இந்தப் பக்கம் பாருங்க மாப்பிள்ளை, நல்ல காது மட்டும் தெரியட்டும், நிரோஷா மாலைக்குள் முகத்தை மறைத்துச் சிரிக்கிறாள், இந்தப் பக்கம் பாத்தா நீங்க, அந்தப் பக்கம் பாத்தா உங்க பெரியப்பா, அவள் சிரிப்பு அடங்குவதற்குள் குணபாலன் அண்ணன் பையை எடுத்து எழுந்துவிட்டார், வாசலை நோக்கி ஒரு அடியும் வைத்துவிட்டார், நான் எழவில்லை, எனக்குத் தெரிந்த அரைகுறைப் பிரெஞ்சைப் பொறுக்கி, மூன்று தெரியாது, ஒன்று தெரியும், இப்போதே தள்ளவிட்டுப் பாருங்கள் என்றேன்.

ஜன்னலுக்கு வெளியே பயிற்சி நடந்துகொண்டிருந்தது, அவள் என்னை அங்கேயே கூட்டிப்போய் மூன்றாம் இடத்தில் நிறுத்தினாள், எதிரே அணியின் ஒன்றாம் எண் ஜியோர்ஜி, ஜார்ஜியாக்காரன், கழுத்தே இல்லாதவன், முதல் தடவை என் முகம் சேற்றில், அடுத்த தடவை கால் இரண்டும் ஆகாசத்தில், கோட்டுக்கு வெளியே குணபாலன் அண்ணன், காணும் தம்பி, போதும் விடு, கழுத்து முறியப்போகுது என்று கத்துகிறார், சேற்றுக்கு எல்லா நாட்டிலும் ஒரே வாசம், கண்டி மைதானத்தில் மழை பெய்கிறது, இல்லை இது இந்த ஊர்ச் சேறுதான், என் இடது காது இதுவரை அறியாத இடத்தில் மாட்டி எரிகிறது, எரியட்டும், இடுப்பை இறக்கு, இன்னும் இறக்கு, திரும்பத் திரும்பப் போய் முட்டுகிறேன், ஒரு தடவை ஜியோர்ஜி தள்ளுகிறான், நான் நகரவில்லை, அவன் உறுமுகிறான், நான் நகரவில்லை, எழுந்ததும் அவன் என் பிடரியில் ஒரு அறை வைத்தான், அந்த அறையில் இருந்த மரியாதைக்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை.

ஒரு வருச ஒப்பந்தம் தருவாவாம் என்றார் அண்ணன், முகமெல்லாம் பல்லாக, உடனே குரலை இறக்கி, ரெண்டு கேக்கட்டோ, வேணாம்ணே, கெடுத்துறாதீங்க என்பதற்குள் கேட்டுவிட்டார், மதாம் என் இடது காதைத் தொட்டுப் பார்த்தாள், சூடாக இருந்திருக்கும், நாளைக்குக் காலமை இந்தக் காதோட வரட்டாம், காது சொல்லுமாம் எத்தினை வருசமெண்டு. சாயங்காலம் நிரோஷா போனில், வலிக்குதா, இல்ல, சூடா இருக்கு, வீங்கிருமா, வீங்கணும்னு வேண்டிக்க, ஐயோ, அப்ப இனி எந்தப் பக்கம் போட்டோ எடுக்கிறது என்றாள், சிரித்தாள், பெட்டி எங்க வச்சேன்னு பாக்கணும் என்றாள்.

மறுநாள் காலை கண்ணாடியில் பார்த்தேன். இடது காதும் வீங்கியிருந்தது. இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டேன்.