இரண்டாவது கண்

ஒளி கூடிக் குறையும் சிவப்பு கார்பன் நட்சத்திரத்தை அவசரமாகத்தான் பார்க்க வேண்டும். முறைத்துக்கொண்டே நின்றால் அது இல்லாத வெளிச்சத்தையெல்லாம் காட்டிக் கண்ணை ஏமாற்றும். சலூன்காரருக்கு இது அத்துப்படி. கடையைச் சாத்திவிட்டு வந்து, கொல்லையில் தொலைநோக்கியை நிறுத்துவார். சிவப்பு நட்சத்திரத்துக்கு ஒரு பார்வை, ஒளி மாறாத பக்கத்து நட்சத்திரத்துக்கு ஒரு பார்வை. எவ்வளவு மங்கியிருக்கிறது என்று ஓர் எண்ணாகக் கணித்ததும், அக்காள் கணவருக்குப் போன் போடுவார்.

"எட்டு அத்தான்."

"அட, எனக்கும் அதேதான் மாப்ள!"

அத்தான் பஸ் ஓட்டுநர். ஊரின் மறுகோடியில் வீடு, சொந்தத் தொலைநோக்கி. இரண்டு அளவுகளும் தனித்தனியாக வானியல் குழுவுக்குப் போகும்.

இந்த மாதம் இருவர் அளவிலும் நட்சத்திரம் திடீரென்று மங்கியது. குழுவில் யாரும் நம்பவில்லை.

"ஒரு கண்ணு ஏமாறலாம். ரெண்டு வீட்டு ரெண்டு கண்ணு எப்படிங்க ஏமாறும்?" என்று சலூன்காரர் மார்தட்டினார்.

பிறகுதான் பிடிபட்டது. தொலைநோக்கியின் பார்க்கும் முனையில் அவர் இந்த மாதம் புதிதாக மாட்டிய சாய்வுக் கண்ணாடி, வானத்தை இடவலமாகத் திருப்பிக் காட்டுகிறது. வரைபடத்தில் இடப்பக்கம் இருந்ததை நம்பி, வேறொரு நட்சத்திரத்தோடு ஒப்பிட்டிருக்கிறார். ஆயுசெல்லாம் கண்ணாடி முன்னால் நிற்கிறவன் கண்ணாடியிலேயே கவிழ்ந்தேனே என்று சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

அத்தானிடம் அந்தக் கண்ணாடி கிடையாது.

அக்காள் வீட்டில் தொலைநோக்கியின் முக்காலியில் ஈர பேண்ட் காய்ந்துகொண்டிருந்தது.

"எத்தனை நாளா பாக்கல அத்தான்?"

"முதுகு வலிடா மாப்ள. குனிய முடியல. நீதான் பாக்கறியே, உன் கண்ணு என்ன பொய்யா சொல்லும்?"

"எத்தனை நாளா?"

அத்தான் பேண்ட்டைத் தடவினார். அக்காள்தான் சொன்னாள்: "ரெண்டு வருஷமாச்சு. 'எனக்கும் அதே'ன்னா உனக்கு வாயெல்லாம் பல்லு. அதைக் கெடுப்பானேன்னு விட்டுட்டோம்."

விட்டுட்டோம். அவளுமா?

தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பினார். தன் பிழையைச் சொல்லி, அத்தானின் இரண்டு வருட அளவுகளை நீக்கும்படி குழுவுக்கு எழுதினார். கொஞ்ச நேரத்தில் ஒருவர் கேட்டார்: "அப்ப உங்க பழைய அளவுக்கெல்லாம் சாட்சி யாருங்க?"

சலூன்காரர் பதில் எழுதத் தொடங்கினார், அழித்தார். அத்தானிடமிருந்து போன் வந்தது. எடுக்கவில்லை.